இரண்டே இரண்டு ப்யூஸ்கள்: மாரிஸ் மைனர் காரின் மின்சுற்று – ஒரு மதிப்பீடு

ஒரு நாவலைப் படித்துவிட்டு அதன் நிறைகுறைகளை எழுதுகிறோம். ஒரு திரைப்படத்தைப் பார்த்தாலும் அவ்வாறே செய்கிறோம். ஆனால் மனிதன் படைத்த ஓர் இயந்திரத்தை, அதிலும் அதன் உடலுக்குள் மறைந்து கிடக்கும் மின்கம்பி அமைப்பை, அப்படி உட்கார்ந்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே குறைவு. ஓடினால் நல்ல வண்டி, நின்றுவிட்டால் கெட்ட வண்டி என்பதோடு நம் விமர்சனம் முடிந்துவிடுகிறது. இயந்திரமும் ஒரு மனிதனின் சிந்தனைதான். அதிலும் தெளிவு உண்டு, குழப்பம் உண்டு. துணிவு உண்டு, சிக்கனத்தின் பெயரால் செய்த தவறும் உண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மாரிஸ் மைனர் காரின் வயரிங். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இச்சிறு கார் 1948ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம்வரை பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. இந்தியாவில் இதே கார் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியது. இலங்கையில் இன்றும் மைனர்கள் சாலையில் ஓடுகின்றன. ஆகவே இது அருங்காட்சியகப் பொருள் அன்று. பழுதுபார்க்கப்பட்டு, குடும்பத்தோடு ஏறிச் செல்லப்படும் வண்டி. இதன் வயரிங் சரியா தவறா என்ற கேள்விக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

பாராட்ட வேண்டியவை

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். மைனரின் மின்சுற்றுப் படம் ஒரே தாளில் அடங்கும். இயற்பியலில் முதல் ஆண்டு முடித்த மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். ஒரு பேட்டரி, ஒரு டைனமோ, டைனமோவின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டி, ஸ்டார்ட்டர், இக்னிஷன் காயில், விளக்குகள், ஹாரன், வைப்பர். அவ்வளவுதான். மறைந்திருக்கும் மின்னணுப் பெட்டி எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பியும் எங்கே புறப்பட்டு எங்கே சேர்கிறது என்பதைக் கண்ணால் பின்தொடரலாம்.

இரண்டாவது நிறை, வண்ண மொழி. பிரிட்டிஷ் கார்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம், எப்போதும் உயிருள்ளது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது. அந்த வெள்ளை ஒரு ப்யூஸைக் கடந்து வெளியே வந்தால் பச்சை ஆகிறது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சிறு விளக்குகளுக்கு, கறுப்பு எர்த்துக்கு. நீலத்தின்மேல் வெள்ளைக் கோடு ஓடினால் தூர ஒளி, சிவப்புக் கோடு ஓடினால் தாழ் ஒளி. வேர்ச்சொல்லோடு விகுதி சேர்ந்து பொருள் மாறுவதுபோல, அடிநிறத்தோடு கோடு சேர்ந்து பொருள் மாறுகிறது. ஓர் இலக்கணம் என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் இந்த இலக்கணம் எழுதப்பட்ட தாள் நிலையானதன்று. ஆரம்ப கால வண்டிகளில் கம்பியின்மேல் ரப்பர் உறை, அதன்மேல் நிறமிட்ட பருத்தி நூல் பின்னல். அறுபது எழுபது ஆண்டுகளில் எண்ணெயும் தூசியும் வெயிலும் சேர்ந்து எல்லா நிறத்தையும் ஒரே மண்ணிறமாக்கிவிடுகின்றன. மேலும், சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவற்றை வேறுபடுத்திக் காண முடியாதவர்கள் ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர் இருப்பதை இந்த மொழியை வகுத்தவர்கள் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை. எண் எழுதிய ஒரு சிறு வளையத்தைக் கம்பியின் நுனியில் மாட்டியிருந்தால் இரண்டு குறையும் நீங்கியிருக்கும்.

முதல் பெரும் குறை

இனி உண்மையான குறைக்கு வருவோம். மைனரின் ப்யூஸ் பெட்டியைத் திறந்தால் வேலை செய்யும் ப்யூஸ்கள் இரண்டே இரண்டுதான் இருக்கும். ஒன்று, ஹாரன் போல சாவி இல்லாமலும் இயங்க வேண்டியவற்றுக்கு. மற்றொன்று, வைப்பர், பிரேக் விளக்கு, பெட்ரோல் அளவுமானி போல சாவியைத் திருப்பிய பின் இயங்குபவற்றுக்கு. ஹெட்லைட்டுக்குப் ப்யூஸ் இல்லை. இக்னிஷனுக்கு இல்லை. மின்சாரப் பெட்ரோல் பம்புக்கு இல்லை. டைனமோவிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வரும் தடித்த பழுப்புக் கம்பிக்கும் இல்லை.

இதற்கு அக்காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. இரவில் வேகமாகச் செல்லும்போது ஒரு ப்யூஸ் எரிந்து இரு ஹெட்லைட்டுகளும் ஒருசேர அணைந்தால் ஓட்டுபவர் குருடாகிவிடுவார். லாரியை முந்தும் தருணத்தில் இக்னிஷன் அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே பாதுகாப்புக்காகவே பாதுகாப்பை விட்டுவிட்டார்கள். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய உறை வெடித்து, ப்யூஸ் இல்லாத ஒரு விளக்குக் கம்பி காரின் இரும்பு உடலைத் தொடுவதாகக் கொள்வோம். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர், தொடும் இடம்வரை நீளம் 2 மீட்டர். செம்பின் மின்தடைத்திறனைக் கொண்டு கணக்கிட்டால் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.034 ஓம். பேட்டரியின் அகத்தடைக்கும் இணைப்புகளுக்கும் 0.016 ஓம் சேர்த்தால் மொத்தம் 0.05 ஓம். 12 வோல்ட்டை 0.05 ஓமால் வகுத்தால் 240 ஆம்பியர். ஸ்டார்ட்டரைச் சுழற்றும் பேட்டரிக்கு இது பெரிய காரியமன்று. அந்தக் கம்பியில் மட்டும் வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய 1950 வாட். இரண்டு மின்சார இஸ்திரிப்பெட்டிகளின் வெப்பம்! கம்பியில் உள்ள செம்பின் எடையோ 18 கிராம்தான். வெளியேறும் வெப்பத்தையும், சூடேறும்போது மின்தடை கூடுவதையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஒரு நொடியில் கம்பியின் வெப்பநிலை ஏறக்குறைய 280 டிகிரி உயரும்.

ஒரு நொடி. ஓட்டுபவர் புகையை முகர்ந்து, வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பேட்டரி முனையைக் கழற்ற ஸ்பானரைத் தேடும் நேரத்தில் அக்கம்பியோடு கட்டப்பட்டிருக்கும் மற்றக் கம்பிகளும் எரியத் தொடங்கியிருக்கும். அதே இடத்தில் சரியான ப்யூஸ் இருந்திருந்தால் கம்பி சூடாகுமுன்பே அது உருகி மின்னோட்டத்தைத் துண்டித்திருக்கும்.

ஹெட்லைட் அணையும் அபாயத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. இடப்பக்க விளக்குக்கு ஒன்று, வலப்பக்க விளக்குக்கு ஒன்று எனத் தனித்தனிப் ப்யூஸ் வைத்தால் ஒன்று போனாலும் மற்றது எரியும். பிற்காலக் கார்கள் இதைத்தான் செய்தன. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. சில காசுகள் தேவைப்பட்டன. ஆகவே இக்குறையை அறியாமை என்று மன்னிக்க முடியாது. சிக்கனம் என்றே சொல்ல வேண்டும்.

இங்கே பழுதுபார்ப்பவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. பழைய பிரிட்டிஷ் கண்ணாடிப் ப்யூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எரிந்துபோகும் மின்னோட்டம். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் பலவகைப் ப்யூஸ்களில் எழுதியிருக்கும் எண் தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிக்கிறது. '35க்கு 35' என்று மாற்றிப் போடுபவர், தம்மை அறியாமலே பாதுகாப்பைப் பாதியாக்கிவிடுகிறார். சிகரெட் அட்டைப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுபவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை; மேலே உள்ள கணக்கு சொல்லும்.

லூக்காஸ் மேல் பழி

மைனரின் மின்கருவிகள் பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனம் செய்தவை. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் விளக்கு வியாபாரமாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. அப்பெயர் நமக்கும் புதிதன்று. 1961இல் சென்னையில் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவப்பட்டது. ஆனால் பழைய கார்ப் பிரியர்களிடையே லூக்காஸுக்கு 'இருளின் இளவரசர்' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. விளக்கு மங்கினால் லூக்காஸ். ஹாரன் முனகினால் லூக்காஸ். இந்தக் கேலி நியாயமானதா?

பழைய வண்டியின் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. 'கம்பி பழசாகிவிட்டது, மின்சாரம் வரவில்லை' என்கிறார்கள். இது இயற்பியலுக்குப் பொருந்தாத பேச்சு. உறை பழசாகலாம், செம்பு பழசாவதில்லை. 1955ஆம் ஆண்டு வண்டியில் உள்ள ஒரு மீட்டர் செம்புக்கம்பியின் மின்தடை, அரிப்பில்லாதவரை, இன்றும் அன்றிருந்த அளவே. கம்பியின் பதினான்கு இழைகளில் ஏழு ஒரிடத்தில் அறுந்துபோனாலும் அந்த ஒரு சென்டிமீட்டரில் கூடும் தடை ஓர் ஓமில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

குற்றவாளி இணைப்புகளில் இருக்கிறான். மைனரில் கம்பியின் நுனியில் தோட்டா வடிவப் பித்தளை முனை இருக்கும். அது ரப்பர் உறையிட்ட ஒரு பித்தளைக் குழலுக்குள் அழுத்திச் செருகப்படும். இவ்விணைப்புகள் பல, முன்பக்கக் கிரில்லுக்கு அருகில், மழைநீரும் சேறும் தெறிக்கும் இடத்தில் இருக்கின்றன. மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையோ காரின் உடல். ஒரு திருகின் அடியில் துரு பிடித்தால் அந்தப் பாதையில் தடை முளைக்கிறது.

அத்தடை எவ்வளவு இருந்தால் விளக்கு மங்கும்? தலா 45 வாட் வீதம் இரண்டு ஹெட்லைட்டுகள் சேர்ந்து 90 வாட். 12 வோல்ட்டில் அவற்றின் மொத்தத் தடை 1.6 ஓம். இரண்டுக்கும் பொதுவான பாதையில் 0.2 ஓம் அளவு கெட்ட இணைப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் 6.7 ஆம்பியர், விளக்குக்குக் கிடைப்பது 10.7 வோல்ட். மின்னழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்ததால் ஒளியும் அவ்வளவே குறையும் என எண்ண வேண்டாம். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் படியைப் பொறுத்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடுகிறது! அத்துடன் அந்தக் கெட்ட இணைப்பில் 9 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் 25 வாட் பற்றுவைப்புக் கோலின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரு பட்டாணி அளவு இடத்தில். அந்தச் சூடு இணைப்பை மேலும் கெடுக்கிறது. கெட்ட இணைப்பு மேலும் சூடாகிறது.

ஆகவே கேலியைத் திருத்தி எழுத வேண்டும். இருளுக்குக் காரணம் பெரும்பாலும் விளக்கோ டைனமோவோ அன்று. அவற்றை நம்பகமாகச் செய்துவிட்டு, இணைப்புகளை மழையில் நிற்கவிட்ட வடிவமைப்பும், அவற்றைப் பல ஆண்டுகள் திறந்தே பாராத உரிமையாளர்களும் பழியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பழுதுபார்க்கும் அறிவுரைகள்

பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி வழங்கும் அறிவுரைகளில் மூன்றை இங்கே ஆராய வேண்டும்.

முதலாவது: 'விளக்கின் ஹோல்டரில் மீட்டரை வைத்துப் பார்; 12 வோல்ட் வந்தால் வயர் சரி.' இது தவறான சோதனை. பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் சுற்றில் மின்னோட்டமே ஏறக்குறைய இல்லை. 1 கோடி ஓம் தடையுள்ள மீட்டருக்கு முன்னால் 1000 ஓம் துரு இருந்தாலும் இழப்பு ஒரு மில்லிவோல்ட்டைச் சற்றே தாண்டும். மீட்டர் 12 என்றே காட்டும். ஓம் மீட்டரும் உதவாது. நாம் தேடும் 0.2 ஓமும் மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையும் ஏறக்குறைய ஒன்றே. சரியான வழி, விளக்கை எரியவிட்டபடியே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையிலும் மறுமுனையை விளக்கின் முனையிலும் வைப்பது. அப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன மின்னழுத்தம். எர்த் பக்கத்திலும் அவ்வாறே அளக்க வேண்டும். எப்பக்கமாயினும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இணைப்புக்கு இணைப்பாக நகர்ந்து திருடனைப் பிடித்துவிடலாம்.

இரண்டாவது: 'மொத்த வயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடு.' இது பாதி உண்மை. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இயற்கை ரப்பர், காற்றில் உள்ள ஆக்சிஜனாலும் ஓசோனாலும் எஞ்சின் வெப்பத்தாலும் இறுகி வெடிக்கிறது. தொடாதவரை அது கம்பியின்மேல் நின்றிருக்கும். பழுதுபார்க்க வளைத்த உடனே உதிரும். அதாவது பழுதுபார்ப்பதே பழுதை உண்டாக்கும் நிலை. ரப்பர் உறை அந்நிலையை அடைந்துவிட்டால் மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். ஆங்காங்கே டேப் சுற்றுவது ஏமாற்று. ஆனால் உறை இன்னும் மென்மையாக இருக்கிற பிற்காலப் பிளாஸ்டிக் உறைக் கம்பிகளைப் பிடுங்கி எறிவது வீண். புதிய வயரிங்கைப் போட்டுவிட்டுத் துருப்பிடித்த எர்த் திருகுகளை அப்படியே விட்டால், பணம் செலவானபின்னும் விளக்கு மங்கலாகவே எரியும்.

மூன்றாவது: 'பிளஸ் எர்த்தை மைனஸ் எர்த்தாக மாற்றிவிடு.' மைனரில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளுக்கு இது தலைகீழ். விளக்குக்கும் ஹாரனுக்கும் திசை ஒரு பொருட்டன்று. ஆனால் டைனமோவின் காந்தப்புல எச்சத்தைப் புதிய திசைக்கு மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரு முனைகளையும் இடம் மாற்ற வேண்டும். இவற்றைச் சொல்லாமல் 'பேட்டரியைத் திருப்பிப் போடு' என்று மட்டும் சொல்லும் அறிவுரை ஆபத்தானது. மாற்றாமல் வைத்திருப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. மைனஸ் எர்த்துக்காகச் செய்த ரேடியோவையோ செல்பேசி சார்ஜரையோ எல்.இ.டி. விளக்கையோ கண்ணை மூடிக்கொண்டு இணைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

வேலை முடிந்தபின் பேட்டரியை நேரடியாக இணைப்பதும் தவறு. ஒரு 45 வாட் பல்பைப் பேட்டரிக் கம்பியோடு தொடராக இணைத்துப் பாருங்கள். எங்கேனும் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரியும். மின்னோட்டம் 4 ஆம்பியரைத் தாண்டாது. 240 ஆம்பியருக்கும் 4 ஆம்பியருக்கும் உள்ள வேறுபாடே தீக்கும் ஓர் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடு.

பழமையா, பாதுகாப்பா?

'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஒரு கம்பி கூடக் கூடாது' என்பவர்கள் உண்டு. கண்காட்சிக் கூடத்தில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தும். பழைய ஆவணத்தைத் திருத்தி எழுதுவது குற்றம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சாலையில் ஓடும் வண்டி ஆவணம் மட்டுமன்று. அதில் குழந்தைகள் பின் இருக்கையில் உட்கார்கிறார்கள். மைனரின் பெரும்பாலான வண்டிகளில் கதவு இரண்டுதான். பின்னால் இருப்பவர் வெளியேற முன் இருக்கையை மடக்க வேண்டும்.

இரண்டுக்கும் இடையே வழி உண்டு. பேட்டரிக்கு அருகே முக்கியக் கம்பியில் தக்க அளவுள்ள ஒரு பெரிய ப்யூஸ். ஹெட்லைட்டுகளுக்கு ரிலேயும், பக்கத்துக்கு ஒரு ப்யூஸும். அப்போது பழைய ஸ்விட்ச் வழியே ஓடுவது ரிலேச் சுருளுக்கான 0.15 ஆம்பியர் அளவு மின்னோட்டம் மட்டுமே. ஸ்விட்சும் நெடுநாள் வாழும், விளக்கும் முழு ஒளி தரும். டையோடு இல்லாத எளிய ரிலேக்குப் பிளஸ் எர்த்தும் மைனஸ் எர்த்தும் ஒன்றே. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் உடலுக்குத் தனி எர்த் கம்பி. இவை எல்லாவற்றையும் கண்ணில் படாமல் பொருத்தலாம். வேண்டாமெனில் ஒரு பகலில் கழற்றிவிடலாம். செய்த மாற்றங்களைப் பழைய மின்சுற்றுப் படத்தின் பிரதியில் வரைந்து காரிலேயே வைக்க வேண்டும். அடுத்துப் பழுதுபார்க்க வருபவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

மைனரின் மின்சுற்றைப் பற்றி என் தீர்ப்பு இது: படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய நேர்மையான படைப்பு, ஆனால் கம்பி ஒருநாள் கிழவனாகும் என்பதை எண்ணாமல் எழுதப்பட்டது. புதிதாக இருந்தபோது இரண்டு ப்யூஸ்கள் போதுமானவையாகத் தோன்றியிருக்கலாம். உறை உதிரத் தொடங்கும் வயதில் அவை போதா.

இதில் நம் பாடநூல்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சுற்றுப் படங்களில் கம்பியை ஒரு கோடாக வரைகிறோம். கோட்டுக்குத் தடை இல்லை, இணைப்புக்குத் தடை இல்லை, உடலுக்குத் தடை இல்லை என்று கொண்டே கணக்குப் போடுகிறோம். மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு டார்ச் விளக்குச் சுற்றில் சுத்தமான ஆணி ஒன்றையும், பின்னர் துருப்பிடித்த ஆணி ஒன்றையும் இணைப்பாக வைத்து, விளக்கு எரியும்போதும் கழற்றியபோதும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பழைய காரின் ஹெட்லைட் ஏன் மங்குகிறது என்பதை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும்.